கருங்காலக்குடி பஞ்சபாண்டவர் குட்டு: பிள்ளைகளோடு போகலாமா?

வாசுகி_மதுரை:
மேலூர் தாண்டி கருங்காலக்குடியில் சமணர் படுக்கையும் (சமணத் துறவிகள் படுக்கப் பாறையில் வெட்டியது) பாறை ஓவியமும் ஒரே இடத்தில் இருக்கிறதாம். எட்டாவது படிக்கிற மகனுக்குத் தமிழி எழுத்தை (தமிழ்-பிராமி, தமிழின் மிகப் பழைய எழுத்து) நேரில் காட்ட ஆசை. ஏறக் கஷ்டமா? ஓவியம் கண்ணுக்குத் தெரியுமா?

மேலூர்க்காரன்:
தாராளமாக வாங்க. திருச்சி போகிற நான்குவழிச் சாலையை விட்டு ஊருக்குள் திரும்பி, பஞ்சபாண்டவர் குட்டு எங்கே என்று கேட்டால் யாரும் கைகாட்டுவார்கள். பெரிய மலையெல்லாம் இல்லை, பாறைக்குன்றுதான். காலையிலேயே வந்துவிடுங்கள், பத்து மணிக்கு மேல் பாறை சுடும். ஓவியங்கள் வெள்ளை நிறத்தில், மங்கலாகத்தான் இருக்கும். கொஞ்ச நேரம் நிழலில் நின்று கண் பழகின பிறகு பாருங்கள். தண்ணீர் தெளித்தால் பளிச்சென்று தெரியும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள், இருக்கிறதும் அழிந்துபோகும்.

கல்வெட்டுப்பித்தன்:
தம்பியிடம் கல்வெட்டை எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள்: "எழையூர் அரிதின பளி". எழையூரைச் சேர்ந்த அரிதின் கொடுத்த பள்ளி, அதாவது துறவிகள் தங்கும் இடம். 2,000 வருஷத்துக்கு மேல் பழசு. அதோடு திரும்பிவிடாதீர்கள். பக்கத்துப் பாறையில் சமணர் வணங்கும் தீர்த்தங்கரரின் சிற்பம் இருக்கிறது, அச்சணந்தி என்ற சமணத் துறவி செய்வித்த திருமேனி என்று வட்டெழுத்தில் (பழைய தமிழ் எழுத்து வகை) பெயரோடு. அது 9, 10ஆம் நூற்றாண்டு. படுக்கை வெட்டி ஏறக்குறைய ஆயிரம் வருஷம் கழித்தும் சமணம் இதே குன்றில் உயிரோடு இருந்திருக்கிறது, எனக்கு இந்த ஊரில் பெரிய விஷயமே அதுதான். அதே அச்சணந்தியின் பெயர் மதுரைக்குப் பக்கத்துக் கீழக்குயில்குடியிலும் உண்டு.

வாசுகி_மதுரை:
ரொம்ப நன்றி. அன்றைக்கே இன்னொரு இடம் பார்க்க முடியுமா?

மேலூர்க்காரன்:
அப்படியே மேலூர் வந்து அழகர்கோவில் சாலையில் கிடாரிப்பட்டி போங்கள். அங்கேயும் படுக்கை, சிவப்பு ஓவியம் இரண்டும் உண்டு. மதுரை உப்பு வணிகர் வியக்கன், கொழு வணிகர், அறுவை வணிகர் என்று கொடை கொடுத்தவர்களின் தொழிலோடு கல்வெட்டு இருக்கிறது. கொழு என்றால் ஏர்க்கொழு, அறுவை என்றால் துணி. அரசன் மட்டுமில்லை, கடைத்தெரு ஆட்களும் சேர்ந்துதான் துறவிகளுக்கு இடம் செய்து கொடுத்திருக்கிறார்கள் என்று பையனுக்குச் சொல்லுங்கள். ஒன்று மட்டும், படுக்கையில் செருப்போடு ஏற விடாதீர்கள். காதலர் பெயரைக் கீறி வைத்திருப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.