கண்ணாடிச் செருப்புக்குப் பதிலா கொலுசு வைக்கலாமா? வெளியூர்க் கதை சொல்றவங்க அனுபவம்

திருமங்கலம் டீச்சர்
ஆண்டு விழாவுக்கு சிண்ட்ரெல்லா நாடகம். இளவரசன் ஒத்தைச் செருப்பைத் தூக்கிக்கிட்டு வீடு வீடா வந்தா, முன்வரிசையில இருக்கிற பெருசுக சிரிச்சுருவாங்க. கொலுசா மாத்திட்டா என்ன? மதுரைப் பக்கம் இந்த மாதிரிக் கதை சொல்றவங்க எதை மாத்துறீங்க, எதைத் தொடாம விடுறீங்க?

செல்லூர்க்காரர்
கொலுசு வேண்டாம் டீச்சர். கொலுசு முனையில மூணு நாலு வளையம் விட்டிருப்பாங்க. கொக்கியை இதுல மாட்டலைன்னா அதுல மாட்டலாம், ஊர்ல பாதிப் பேர் காலுக்குச் சேரும். அதோட கதை முடிஞ்சுது. அந்தச் செருப்பு அங்க சாட்சிக்கு நிக்குது, அழகுக்கு இல்லை. 1697ல பிரெஞ்சுல எழுதின பெரோ கண்ணாடின்னார். ஜெர்மனியில கதை சேகரிச்ச கிரிம் சகோதரர்கள் தங்கம்னாங்க. ஒன்பதாம் நூற்றாண்டுச் சீனத்து யே சியன் கதையிலயும் தங்கம்தான். அதுல இன்னும் ஒரு படி மேல போய், ஊர்லயே சின்னக் கால் வந்தாலும் செருப்பு அதைவிட ஓர் அங்குலம் சுருங்கிரும்னு வெச்சிருக்காங்க. தோல் செருப்புன்னு சொல்லிப் பாருங்க, எதிர்த்த பெஞ்சுல இருந்து "நனைச்சு இழுத்துப் போட்டா சேரும் மிஸ்"னு சத்தம் வரும்.

இன்னொரு சிக்கல் நம்ம ஊருக்குன்னே உள்ளது. மதுரையில ஒரு ராஜா கையில ஒத்தைச் சிலம்பு இருந்தா, உள்ள மாணிக்கமா முத்தான்னு பிள்ளைக கேட்கும். அடுத்து ஊர் எரியணும்னு எதிர்பார்க்கும். கல்யாணத்துல முடிச்சா யாருக்கும் ஒட்டாது.

உங்க முதல் கவலைக்கு பெரோகிட்டயே வழி இருக்கு. அவர் கதையில செருப்போட அலையிறது இளவரசன் அனுப்பின ஆளு. தலைப்பாகையோட ஒரு சேவகன், தாம்பாளம், மேல பட்டுத்துணி. பெருசுக சிரிக்க மாட்டாங்க.

மேலூர்
கண்ணாடி வளையல் வெச்சா? அதுவும் நீளாது. ரெண்டு நாலு அளவு கைக்கு ரெண்டு ரெண்டு அளவு வளையல் ஏறவே ஏறாது. அக்காக்காரிக சோப்பு போட்டு முட்டியை அமுக்குறது மேடையில நல்லாத் தெரியும். வளையல் விற்ற திருவிளையாடல் இருக்கிற ஊரு, யாருக்கும் விளக்கவும் வேண்டாம்.

செல்லூர்க்காரர்
போடுற காட்சிக்கு அருமை. கழட்டுற காட்சியில மாட்டிக்குவீங்க. முட்டி தாண்டாம இறுக்கமா இருக்கிற வளையல் ஓடுறப்ப எப்படி விழும்? விழுந்தாலும் உடைஞ்சுரும். செருப்புக்கும் அதே கேள்வி உண்டு: அளவெடுத்த மாதிரி இருந்த செருப்பு ஏன் கழண்டுச்சு? கிரிம் அதை அடைச்சுட்டாங்க. மூணாம் ராத்திரி இளவரசன் படிக்கட்டு முழுக்கக் கீல் பூச வைக்கிறான், இடது செருப்பு ஒட்டிக்குது. மேடையில ஒரு வாளி, ஒரு தூரிகை, ரெண்டு ஆள் போதும், சிரிப்பும் கிடைக்கும்.

நேரம் குறைக்கணும்னு விருந்தை ஒரே ராத்திரி ஆக்கிராதீங்க. பெரோகிட்ட ரெண்டு ராத்திரி. முதல் நாள் பன்னிரண்டுக்குக் கால் மணி முன்னாடியே ஒழுங்காக் கிளம்பிர்றா, ரெண்டாம் நாள்தான் மறக்குறா. முதல் நாளை வெட்டிட்டா அவ சொன்ன பேச்சு கேட்காத பொண்ணா ஆயிருவா.

இன்னொண்ணு, பன்னிரண்டு மணின்னா இங்க யாருக்கும் பயம் இல்லை. ராத்திரி பன்னிரண்டுக்கு இட்லிக் கடையில கூட்டம் நிக்கிற ஊரு. "கோழி கூவுறதுக்குள்ள"ன்னு வெச்சுக்கோங்க, நம்ம பேய்க்கதை எல்லாத்துலயும் அதுதான் கெடு.

சோழவந்தான்
மாற்றாமலே ஒட்டும் கதை ஒன்று உண்டு, பஞ்சதந்திரத்தின் கீரிப்பிள்ளைக் கதை: பாம்பிடமிருந்து குழந்தையைக் காத்த கீரியை, வாயில் ரத்தம் பார்த்துத் தாய் அவசரப்பட்டு அடித்துக் கொல்வது. ஐரோப்பாவில் பலரும் அதைத் தங்கள் ஊர்க் கதை என்றே நம்புகிறார்கள். வேல்ஸ் நாட்டில் பெத்கெலர்ட் என்ற ஊரில் கெலர்ட் என்ற நாய்க்குக் கல்லறையே இருக்கிறது. இளவரசன் லிவெலின் திரும்பி வருகிறான், தொட்டில் கவிழ்ந்து கிடக்கிறது, நாயின் வாயெல்லாம் ரத்தம். வெட்டிவிடுகிறான். பிறகுதான் குழந்தையின் அழுகுரல் கேட்கிறது, பக்கத்தில் செத்த ஓநாய் கிடக்கிறது. பிரான்ஸில் லியோன் பக்கம் இதே கதையில் பாம்பைக் கொன்ற வேட்டைநாயை 13ஆம் நூற்றாண்டில் கினிஃபோர் என்ற புனிதராகவே கும்பிட்டார்கள். நோயுற்ற குழந்தைகளை அங்கே தூக்கிப் போனார்கள். அதை விசாரித்த பாதிரியார் நாயின் எலும்பைத் தோண்டி எரிக்கச் செய்தார். கும்பிடுவது அதற்குப் பிறகும் நூற்றாண்டுக்கணக்கில் நிற்கவில்லை.

பஞ்சதந்திரம் ஆறாம் நூற்றாண்டில் பாரசீகத்து பஹ்லவி மொழிக்கும், அங்கிருந்து எட்டாம் நூற்றாண்டில் அரபிக்கும் போனது. கீரியைப் பார்த்திராத ஊர்களில் அது மரநாய் போன்ற ஒரு பிராணியாகவும் நாயாகவும் மாறியது. உலக நாட்டார் கதைகளை வகை பிரித்து எண் இடும் ATU பட்டியலில் இதன் எண் 178ஏ (178A). அந்த எண்ணை வைத்துத் தேடினால் மற்ற ஊர் வடிவங்களும் கிடைக்கும்.

சொல்லும்போது வரிசை பிசகக் கூடாது. முதலில் வாயில் ரத்தம், அடுத்து அடி, கடைசியில் குழந்தை. குழந்தையின் அழுகை ஒரு வாக்கியம் முந்திவிட்டால் அடிப்பவள் கொலைகாரி ஆகிவிடுகிறாள். பாம்புச் சண்டையை எப்போது சொல்வது என்பது உங்கள் கையில். நம் வடிவத்தில் கேட்பவருக்கு முன்பே தெரியும், "அடிக்காதே, அடிக்காதே" என்று பிள்ளைகள் பதறுவார்கள். வேல்ஸ் வடிவத்தில் கடைசி வரை மறைத்து வைக்கிறார்கள். ஏழு வயதுக்குக் கீழே இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். மறைத்துச் சொன்னால் சின்னவர்கள் கீரியைக் கெட்டது என்று முடிவுகட்டி, பிறகு இறங்கி வரமாட்டார்கள்.

இதில் மதுரைக்கும் பங்கு உண்டு. சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதை. நகருக்கு வெளியே புறஞ்சேரியில் கோவலனைப் பார்க்கும் மாடலன் என்ற மறையவன், அவன் முன்பு செய்த நன்மைகளைச் சொல்லும்போது கீரியைக் கொன்ற பார்ப்பனியின் கதை வருகிறது. கீரி செத்ததை ஒரே வரியில் கடந்துவிடுகிறார் இளங்கோ. கேட்பவருக்குக் கதை முன்பே தெரியும் என்ற தைரியம் இல்லாமல் அப்படி எழுத முடியாது. கணவன் வெறுத்து வடக்கே போக, அவள் ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு வணிகர் தெருவில் வீடு வீடாக அலைகிறாள். கோவலன் பொருள் கொடுத்து, பாவம் தீர்த்து, கணவனோடு சேர்த்துவைக்கிறான். விசாரிக்காமல் அடித்தவளைக் காப்பாற்றியவன் இதைக் கேட்டுவிட்டு நகருக்குள் போகிறான், அங்கே விசாரிக்காமல் வெட்டப்படுகிறான். கதையை அந்த இடத்தில் வைத்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு மேல் இரண்டையும் சேர்த்தே சொல்லலாம்.

உசிலம்பட்டி
சிவப்புத் தொப்பிக்காரி கதைக்கு ஓநாயை நரியாக்குறது எல்லாரும் பண்றது. எடுபடாது. நம்ம நரி ஏமாத்தும், மாட்டிக்கும், பாட்டியை முழுங்காது. புலியாக்குங்க. சீனா, கொரியாவுல இதே சாயல் கதையில புலிதான் வேஷம் போடுது, சீனாவுல பாட்டியா, கொரியாவுல அம்மாவா. பெரோ கதையில அந்தப் பொண்ணு செத்தே போறா, காப்பாத்த ஆள் கிடையாது. வேட்டைக்காரன் வந்து வயித்தை வெட்டிக் கல்லை நிரப்புறது கிரிம். பிரெஞ்சுக் கிராமத்துப் பாட்டிக சொன்னதுல அவளே தப்பிக்கிறா: "ஒண்ணுக்கு வருது"ம்பா, ஓநாய் கால்ல கயித்தைக் கட்டி வெளிய விடும், கயித்தை மரத்துல கட்டிட்டு ஓடிருவா. நாலாம் வகுப்பு மொத்தமும் உருண்டு சிரிக்கும். நம்ம பக்கம் அதை முருங்கை மரத்துல கட்டுனா போதும், வேற எதையும் தொட வேண்டாம்.

திருமங்கலம் டீச்சர்
சேவகன், தாம்பாளம், கீல் வாளி மூணையும் எடுத்துக்கிறேன். அடுத்த வருஷம் ஹான்சல் கிரெட்டல் பண்ணலாம்னு இருக்கோம். பெத்தவங்களே காட்டுல விட்டுட்டு வர்றதை மட்டும் எப்படிச் சொல்றதுன்னு தெரியலை.

செல்லூர்க்காரர்
பஞ்சத்துல ஆரம்பிங்க, கிரிம் கதையே அப்படித்தான் ஆரம்பிக்குது. நம்ம பக்கம் 1876–78 தாது வருஷப் பஞ்சம்னு சொன்னா வீட்டுல பெரியவங்களுக்கே புரியும். 1812ல வந்த முதல் பதிப்புல அது பெத்த தாய்தான், 1840 பதிப்புலதான் மாற்றாந்தாய் ஆக்குனாங்க. வகுப்புல அம்மா இல்லாத பிள்ளை இருந்தா பழைய பதிப்பு மாதிரி அம்மாவாவே வெச்சுக்கோங்க, பழியைப் பஞ்சத்து மேல போடுங்க. முதல் தடவை கூழாங்கல், ரெண்டாம் தடவை ரொட்டித்துண்டு, ரெண்டும் இருக்கணும். கல் நிலா வெளிச்சத்துல மின்னி வழி காட்டினாத்தான், ரொட்டியைப் பறவை தின்னுட்டப்ப பிள்ளைகளுக்கு வயிறு கலங்கும். ரொட்டிக்குப் பதிலா பொரி போடலாம், மேடையில தூவுனாலும் கடைசி வரிசை வரை தெரியும்.