மைன்கிராப்ட்: இரணைமடுத் துருசுக்கு நேரம் மாற்றக்கூடிய ரைமர் செய்வது எப்படி?

முறிகண்டிப்பொடியன்:
மைன்கிராப்ட் விளையாட்டுக்குள் கிளிநொச்சி இரணைமடுக் குளத்தைச் சின்னதாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அணைக்கட்டு முடிந்தது, வான்கதவுகளும் ஒருமாதிரி வந்துவிட்டன. வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும் மதகு, அதுதான் துருசு, அதில்தான் நிற்கிறேன். இடதுகரை வாய்க்காலுக்கும் வலதுகரை வாய்க்காலுக்கும் முறை வைத்துத் தண்ணீர் போகவேண்டும், ஒன்று திறந்திருந்தால் மற்றது பூட்டு. முறையின் நீளத்தை லீவரால் மாற்றவேண்டும்: 30 செக்கன், 1 நிமிடம், 2 நிமிடம், இவ்வளவும் போதும். ரிப்பீட்டர் (விளையாட்டின் மின்சாரம் போன்ற ரெட்ஸ்டோன் சமிக்ஞையைத் தாமதித்து அனுப்புவது) வளையம் போடலாம் என்று பார்த்தால் ஒரு ரிப்பீட்டர் ஆகக்கூடியது 0.4 செக்கன்தான் பிடித்து வைக்கும், அப்படியென்றால் 30 செக்கனுக்கே 75 வேண்டும், 2 நிமிடத்துக்கு 300, குளத்தைவிட ரைமர் பெரிதாகிவிடும். தருக்கப் படலைகள் (logic gates) உயர்தரத்தில் படித்ததுதான், ஆனால் கொப்பியில் வரைவது வேறு, இதற்குள் கட்டுவது வேறு. ஜாவா 1.21. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பனங்காமம்07:
தம்பி, ரிப்பீட்டர் வளையத்தை விடுங்கள், ஹொப்பர் (பொருளை ஒவ்வொன்றாக அடுத்ததற்குக் கடத்தும் புனல்) கடிகாரம் போடுங்கள். இரண்டு ஹொப்பரை ஒன்றையொன்று பார்க்க வையுங்கள், பக்கத்தில் இரண்டு ஒட்டும் பிஸ்டன் எதிரெதிராக, நடுவில் ஒரேயொரு ரெட்ஸ்டோன் கட்டி; அது எப்போதும் சமிக்ஞை தரும், ஒட்டி நிற்கும் ஹொப்பரைப் பூட்டும். ஒவ்வொரு ஹொப்பரிலிருந்தும் ஒரு கொம்பரேட்டர் (உள்ளே பொருள் இருந்தால் சமிக்ஞை தருவது) அதனதன் பக்கத்துப் பிஸ்டனுக்குப் போகவேண்டும். முதல் ஹொப்பரில் பொருள் இருக்கும்வரை அதன் பிஸ்டன் கட்டியைத் தள்ளி இரண்டாவதைப் பூட்டி வைத்திருக்கும். முதலாவது காலியானதும் பிஸ்டன் விட்டுவிடும், மற்றப் பிஸ்டன் கட்டியை இந்தப் பக்கம் தள்ளும், பிறகு ஓட்டம் திரும்பும். ஹொப்பர் ஒரு பொருளைக் கொடுக்க எடுப்பதும் 0.4 செக்கன்தான், ஆகவே 75 கல் போட்டால் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 30 செக்கன். முழுதாக 320 போட்டால் 128 செக்கன், அதற்குமேல் ஒரு கடிகாரத்தால் முடியாது.

ஒன்று கவனம். வெளியே போகும் கோட்டைக் கொம்பரேட்டரில் இருந்து எடுக்கவேண்டாம். ஹொப்பர் வடியும்போதும் பொருள் இருக்கும், நிரம்பும்போதும் இருக்கும், ஆகவே அது கிட்டத்தட்ட எப்போதும் எரிந்தபடிதான். கட்டி வந்து நிற்கும் இரண்டு இடங்களில் ஒன்றை ஒட்டி ரெட்ஸ்டோன் தூள் (சமிக்ஞை போகும் கம்பி மாதிரி) போட்டு அதிலிருந்து எடுங்கள், அப்போதுதான் 30 செக்கன் ஓன், 30 செக்கன் ஓஃப் என்று வடிவாக வரும்.

கரண்ட் போய்க் கணினி நின்றாலும் எண்ணிக்கை ஹொப்பருக்குள்ளேயே கிடக்கும், நம்ம ஊருக்கு இதுதான் தோது.

முறிகண்டிப்பொடியன்:
நன்றி அண்ணா, ஓடுகிறது. ஆனால் நேரம் மாற்ற ஒவ்வொரு முறையும் கல்லை எண்ணிப் போடுவதா? லீவர் கேட்டேனே.

வற்றாப்பளை_கீறல்:
கல்லில் கைவைக்கத் தேவையில்லை. 1.21 என்றால் உங்களிடம் செப்பு விளக்கு இருக்கிறது. அது ஒவ்வொரு தடவை சமிக்ஞை வரும்போதும் ஒருமுறை எரியும், அடுத்தமுறை அணையும், அதாவது நேரத்தை இரட்டிப்பாக்கும் பிளிப் பிளொப். முதல் கோடு 30, அதை ஒரு செப்பு விளக்குக்குக் கொடுத்துக் கொம்பரேட்டரால் வாசித்தால் 60, அந்த 60ஐ இன்னொரு விளக்குக்குக் கொடுத்தால் 120. நீங்கள் கேட்ட மூன்றும் வந்துவிட்டன.

இனித்தான் படலை. ஒவ்வொரு கோட்டையும் அதற்குரிய லீவருடன் ஒரு அண்ட் (AND) படலையில் விடுங்கள், இரண்டும் இருந்தால்தான் வெளியே வரும். ரெட்ஸ்டோன் டோர்ச் தானே சமிக்ஞையைத் திருப்பும் நொட் (NOT) படலை, ஆகவே இரண்டு உள்ளீட்டையும் ஒவ்வொரு டோர்ச்சால் திருப்பி, தூளால் சேர்த்து, மூன்றாவது டோர்ச்சால் இன்னொருமுறை திருப்பினால் அண்ட். மூன்று அண்டின் வெளியீட்டையும் ஒரே தூளில் சேர்த்தால் அதுதான் ஓர் (OR) படலை, ஏதாவது ஒன்று வந்தாலே வெளியே வரும், ஆனால் சேரும் இடத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு ரிப்பீட்டர் வையுங்கள், இல்லாவிட்டால் ஒரு கோட்டின் சமிக்ஞை மற்றக் கோட்டுக்குள் பின்னால் ஏறிக் குழப்பும். அந்த ஒற்றைக் கோடு நேரே இடதுகரைத் துருசுப் பிஸ்டனுக்கு, ஒரு டோர்ச்சால் திருப்பி வலதுகரைக்கு. இரண்டும் ஒன்றாகத் திறக்க வழியே இல்லை. தூளில் சமிக்ஞை 15 கட்டைக்குமேல் போகாது, குளக்கட்டு நீளம் என்றால் இடையில் ரிப்பீட்டர் வேண்டும்.

கோடைமழை:
இவ்வளவும் எதற்கு? வயல் ஈரமாக இருக்க 4 கட்டைக்குள் தண்ணீர் நின்றாலே போதும், துருசும் வேண்டாம் ரைமரும் வேண்டாம்.

பனங்காமம்07:
விளைச்சலுக்கு என்றால் நீங்கள் சொல்வது சரி. பொடியன் கட்டுவது விளைச்சலுக்கு இல்லையே, முறைத்தண்ணீரைக் காட்டத்தானே.

முறிகண்டிப்பொடியன்:
அதேதான். அண்ணா, ஒரு லீவரும் போடாமல் விட்டால்?

வற்றாப்பளை_கீறல்:
ஓர் (OR) படலையின் வெளியீடு பூச்சியம், டோர்ச் எரியும், வலதுகரை நாள் முழுக்கத் திறந்திருக்கும். 30உம் 60உம் ஒன்றாகப் போட்டால் இடதுகரைக்கு நான்கில் மூன்று பங்கு நேரம் தண்ணீர், வலதுகரைக் கமக்காரர் தண்ணீர் முறை பார்க்கும் வட்டவிதானை வீட்டு வாசலில் நிற்பார்கள். ஒரு லீவர் போட்டால் மற்ற இரண்டு அண்டையும் அடைக்கும்படி அதிலிருந்து கோடு எடுத்து, அந்த அண்டுகளின் தூளில் ரிப்பீட்டர் வழியாகச் சேருங்கள். அங்கே எந்தச் சமிக்ஞை வந்தாலும் மூன்றாவது டோர்ச் அணைந்துவிடும், புதிதாகப் படலை கட்டத் தேவையில்லை. ஆனால் இரண்டு லீவர் சேர்ந்து போட்டால் ஒன்றையொன்று அடைத்து எல்லாம் ஓஃப், திரும்ப வலதுகரைக்குத்தான் லாபம்.