நிலாவுக்கு சிட்டி ஸ்கூலா, சபர்ப் ஸ்கூலா: எங்க வீட்டு குரூப்ல நடந்த பேச்சு

வெள்ளி இரவு

ப்ரியா: எல்லாருக்கும் ஒரு சேதி. கார்த்திக்குக்கு சிகாகோ டிரான்ஸ்ஃபர் கன்ஃபர்ம் ஆயிடுச்சு. ஆபீஸ் லூப்ல (சிட்டியோட நடு ஏரியா), யூனியன் ஸ்டேஷன்ல எறங்குனா நடந்தே போயிடலாம். அவர் ஜனவரியிலயே போயிடுவாரு, நானும் புள்ளைங்களும் இங்க நியூஜெர்சி எடிசன்ல ஸ்கூல் முடிச்சிட்டு ஜூன் கடைசியில வர்றோம். நிலா இப்ப எட்டாவது, அதனால ஒம்பதாவது நேரா அங்கதான். இளன் அஞ்சாவது. சிட்டிக்குள்ள இருக்கலாமா இல்ல செல்வி அக்கா பக்கம், சபர்ப்ல (புறநகர்) இருக்குற நேப்பர்வில் வந்துடலாமான்னு ஒரு வாரமா வீட்ல இதே பேச்சுதான். உள்ளத உள்ளபடி சொல்லுங்க

செல்வி அக்கா: வாங்க வாங்க!! இதுல யோசிக்க என்னடி இருக்கு, நேரா இங்க வந்துரு. அரோரா பாலாஜி கோயில் பக்கத்துலயே இருக்கு, தமிழ்ப்பள்ளி இருக்கு, ஸ்கூல் பத்தி கேக்கவே வேணாம்

கார்த்திக்: அக்கா நானும் அதான் சொல்றேன், வீடு பாக்குற சைட்ல போய் பாத்தா அந்தப் பக்கம் ஸ்கூல் எல்லாத்துக்கும் ரேட்டிங் 9, 10னு காட்டுது. சிட்டிக்குள்ள போட்டா பக்கத்து பக்கத்து தெருவுல ஒண்ணு 9, ஒண்ணு 2

ரமேஷ் அண்ணன்: மாப்ள அந்த நம்பர மட்டும் வச்சு வீடு பாக்காத. அது பெரும்பாலும் டெஸ்ட் ஸ்கோர வச்சு வர்றது, டெஸ்ட் ஸ்கோர் அந்த ஏரியா வீட்டு வருமானத்தோடயே ஏறும் இறங்கும். உள்ள போற உன் புள்ளைக்கு என்ன கெடைக்கும்னு அது சொல்லாது. இல்லினாய்ஸ் ரிப்போர்ட் கார்டுன்னு ஸ்டேட்டோட சைட் இருக்கு, அதுல ஒரு ஸ்கூல எடுத்தா எத்தன புள்ளைங்க அடிக்கடி லீவு போடுறாங்க, எத்தன டீச்சர் தங்குறாங்க, ஒரு புள்ளைக்கு எவ்வளவு செலவு பண்றாங்க எல்லாம் இருக்கும். நான் மொதல்ல பாக்குறது டீச்சர் தங்குறாங்களாங்குறதத்தான்

மதுரை பெரியப்பா: சிகாகோ என்றாலே துப்பாக்கிச் சூடு என்றுதானே டிவியில் காட்டுகிறான். பெண் பிள்ளையை அங்கே எப்படியம்மா தனியாக அனுப்புவது

ரமேஷ் அண்ணன்: அப்பா, ஊர் பெருசுப்பா. மதுரையில ஒரு தெருவுல சண்டைன்னா ஊரே அப்படின்னு சொல்லுவோமா. சில ஏரியாவுல பிரச்சன இருக்கு, இல்லேன்னு சொல்ல மாட்டேன், நிறைய ஸ்கூல் வாசல்ல மெட்டல் டிடெக்டர் வச்சுத்தான் உள்ள விடுவாங்க. ஆனா உங்க பேரன் லேன் டெக் ஹைஸ்கூலுக்கு தெனமும் வெஸ்டர்ன் அவென்யூ பஸ்ல போய்ட்டு வர்றான், ஒம்பதாவதுல இருந்து. ராத்திரி ஸ்கூல் கிளப் முடிஞ்சு வந்தா கூட ரெண்டு மூணு பசங்களா சேந்துதான் வரணும், ட்ரெய்ன்னா டிரைவர் இருக்குற மொத கார்லதான் ஏறணும்னு சொல்லி வச்சிருக்கோம்

செல்வி அக்கா: ரமேசு, நீ சொல்றது சரிப்பா, ஆனா ஒவ்வொரு சாயங்காலமும் அவன் வர்ற வரைக்கும் உன் பொண்டாட்டி போனையே பாத்துக்கிட்டு இருக்காளே, அதையும் சொல்லு

ரமேஷ் அண்ணன்: பாக்குறாதான் அக்கா. அத மறைக்கல

ப்ரியா: அண்ணா எனக்கு சிட்டி அட்மிஷனே புரியல. வீடு எடுத்தா பக்கத்து ஸ்கூல் குடுத்துருவாங்கல்ல?

ரமேஷ் அண்ணன்: இது கொஞ்சம் நீளம், பொறுமையா படி. சிட்டியில எந்த அட்ரஸ்ல இருந்தாலும் ஒரு நெய்பர்ஹூட் ஹைஸ்கூல் உனக்கு உண்டு, அது உறுதி. ஆனா நீங்க கேள்விப்படுற பேட்டன், நார்த்சைட், விட்னி யங், ஜோன்ஸ், லேன் இதெல்லாம் செலக்டிவ் என்ரோல்மென்ட், மொத்தம் 11 ஸ்கூல், அதுக்கு அட்ரஸ் பத்தாது. 900 பாயின்ட். அதுல பாதி, 450, ஏழாவது வகுப்பு மார்க். இங்கிலீஷ், மேத்ஸ், சயின்ஸ், சோஷியல் நாலுக்கும் ஏ எடுத்தா ஒவ்வொண்ணுக்கும் 112.5, பி எடுத்தா 75. மீதி 450 அட்மிஷன் டெஸ்ட், ரீடிங்கும் மேத்ஸும். அப்புறம் மொத 30 சதவீத சீட்டு வெறும் ஸ்கோர்ல போகும், மிச்ச 70 சதவீதத்த சிட்டிய ஏரியா வசதிய வச்சு நாலு டியரா (அடுக்கா) பிரிச்சு, வசதி கம்மியான ஏரியா புள்ளைங்க அவங்களுக்குள்ளயே போட்டி போடுற மாதிரி பங்கு வைப்பாங்க. நான் இத நல்ல முறைன்னுதான் சொல்லுவேன், என் பையன் வசதி அதிகமான டியர் 4ல போட்டி போட்டப்ப கூட இததான் சொன்னேன்

ப்ரியா: ஏழாவது மார்க்கா?? அது முடிஞ்சே போச்சே. நிலாவுக்கு சோஷியல்ல பி

ரமேஷ் அண்ணன்: அப்ப 900ல 37.5 போச்சு, டெஸ்ட்ல ஃபுல் வாங்குனாலும் 862.5 தான். டியர் 4 ஏரியாவுல இருந்து பேட்டன்லாம் எட்டாது ப்ரியா, கிட்டத்தட்ட ஃபுல் ஸ்கோர் கேப்பாங்க. லேன் பெரிய ஸ்கூல், 4000 புள்ளைங்களுக்கு மேல, அங்க சான்ஸ் இருக்கு, ஆனா டெஸ்ட்ட ரொம்ப நல்லா எழுதியாகணும். கட் ஆஃப் வருஷா வருஷம் மாறும். லிங்கன் பார்க் ஹைஸ்கூல்ல ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலரேட் பாடத்திட்டம்) இருக்கு, அதையும் பாக்கலாம்

கார்த்திக்: பத்தாவதுல மாத்திக்கலாமா மச்சான்? ஒரு வருஷம் சபர்ப்ல இருந்துட்டு

ரமேஷ் அண்ணன்: செலக்டிவ்ல ஒம்பதாவதுதான் வாசல். அதுக்கப்புறம் யாராவது போனாத்தான் சீட்டு, அத நம்பி திட்டம் போடாத

சனி காலை

மதுரை பெரியப்பா: நான் ஒன்று சொல்லட்டுமா. செல்வி வீட்டு முகவரியைக் கொடுத்து நிலாவை அங்கே சேர்த்துவிட்டு, மாப்பிள்ளை ஆபீசுக்குப் பக்கத்தில் சிட்டியில் இருந்துகொள்ளலாமே. வாடகை ஒன்றுதான்

செல்வி அக்கா: ஐயோ பெரியப்பா அது மட்டும் முடியாது. லீஸ், கரன்ட் பில் எல்லாம் கேப்பாங்க, சந்தேகம் வந்தா விசாரிப்பாங்க. இல்லினாய்ஸ்ல தெரிஞ்சே பொய் அட்ரஸ் குடுத்தா குற்றம், கேஸ் ஆகும், படிச்ச காலத்துக்கு ட்யூஷன் ஃபீஸும் கட்டச் சொல்லுவாங்க. விசா, கிரீன் கார்டு இருக்குற வீட்ல அதெல்லாம் நெனைக்கவே கூடாது

மதுரை பெரியப்பா: சரியம்மா, வேண்டாம்

செல்வி அக்கா: ப்ரியா, நேப்பர்வில்னு சொன்னேனே, அதுலயும் ஒரு விஷயம். நேப்பர்வில்னு அட்ரஸ் இருந்தா ஒரே ஸ்கூல்னு நெனச்சிடாத. வடக்கால 203 ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், இந்தப் பக்கம் 204, தெற்கால கொஞ்ச வீடு ப்ளெய்ன்ஃபீல்டு 202ல போகும். 204லயே நியூக்வா வேலி, மெட்டியா வேலி, வாபான்சி வேலின்னு மூணு ஹைஸ்கூல், மெட்டியாவும் வாபான்சியும் இருக்குறது அரோராவுல. தெருவோட ஒரு பக்கம் ஒண்ணுன்னா எதிர்ப்பக்கம் இன்னொண்ணு. வீடு காட்டுற ஏஜென்ட் சொல்றத கேட்டு லீஸ்ல கையெழுத்து போடாத, வீட்டு நம்பரோட டிஸ்ட்ரிக்ட் ஆபீஸுக்கே போன் போட்டு கேளு. ஆனா ஒண்ணு, வீடு சரியா அமைஞ்சிட்டா இளனுக்கும் சேத்து முடிஞ்சிரும், கேஜில இருந்து 12 வரைக்கும் ஒரே டிஸ்ட்ரிக்ட். சிட்டியில இளனுக்கு மூணு வருஷம் கழிச்சு இதே 900 பாயின்ட் கதைய மறுபடி ஆரம்பிக்கணும், அக்கா அங்க படிக்கிறான்னு செலக்டிவ்ல சீட்டு தர மாட்டாங்க

ரமேஷ் அண்ணன்: அக்கா சொல்றது பெரிய பாயின்ட். நான் மறுக்கல

கார்த்திக்: ட்ரெய்ன் எப்படி அக்கா

செல்வி அக்கா: ரூட் 59 ஸ்டேஷன்ல மெட்ரா, பிஎன்எஸ்எஃப் லைன், எக்ஸ்பிரஸ்ல யூனியன் ஸ்டேஷன் ஒரு மணி நேரம்னு வச்சுக்கோ. போக வர ரெண்டு மணி நேரம் போயிரும், அத மறைச்சு பிரயோஜனம் இல்ல. வீடு வாங்குனா ப்ராப்பர்ட்டி டாக்ஸ் வேற, வீட்டு விலையில ரெண்டு சதவீதம் பக்கம் வரும். அந்தக் காசுலதான் ஸ்கூல் ஓடுது, அதான் இந்த ஊர் ஸ்கூல்ல ஆர்க்கெஸ்ட்ராவுக்கு தனி ரூம், நீச்சல் குளம்னு இருக்குது, கொஞ்சம் தள்ளி இருக்குற ஊர்ல இல்லாமப் போகுது

ரமேஷ் அண்ணன்: அதுதான் எனக்கு மனசு ஒப்பாத விஷயம் அக்கா. வீடு வாங்க முடிஞ்சவன் புள்ளைக்கு ஒண்ணு, முடியாதவன் புள்ளைக்கு ஒண்ணு. சிட்டிக்கும் பணக் கஷ்டம்தான், 2025ல சிபிஎஸ்க்கு (சிகாகோ பப்ளிக் ஸ்கூல்ஸ்) 734 மில்லியன் டாலர் பற்றாக்குறைன்னு பேப்பர் பூரா வந்துச்சு. 2023 டிசம்பர்ல போர்டு நெய்பர்ஹூட் ஸ்கூலுக்கு முன்னுரிமைன்னு தீர்மானமும் போட்டாங்க. அதனால இன்னும் நாலு வருஷத்துக்கு இப்படியேதான் இருக்கும்னு யாரும் கையெழுத்து போட்டு தர முடியாது, இத ப்ரியா தெரிஞ்சுக்கிட்டு வரணும்

காவ்யா: சித்தி, க்ளாஸ்ல இருந்தேன், இப்பதான் எல்லாத்தையும் படிச்சேன். நான் சபர்ப்ல படிச்சவ, ஹாஸ்டல் ரூம்மேட் சிட்டியில படிச்சவ, அதனால ரெண்டையும் கொஞ்சம் சொல்றேன். எங்களுக்கு எல்லாம் இருந்துச்சு, ஏபி க்ளாஸ் (காலேஜ் லெவல் பாடம்) நெறைய, பேண்ட், டிபேட், லேப், எதுக்கும் குறையில்ல. ஆனா 16 வயசுல லைசென்ஸ் வர்ற வரைக்கும் அம்மா வண்டி எடுத்தாத்தான் எங்கயும் போக முடியும், சாயங்காலம் அஞ்சு மணிக்கு ரிகர்சல் முடிஞ்சா வெளிய பார்க்கிங்ல வரிசையா அம்மாக்கள் கார்ல ஹீட்டர் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பாங்க, எங்க அம்மா அதுல தயிர்சாத டப்பாவோட இருப்பாங்க. ரூம்மேட் 14 வயசுல தனியா ரெட் லைன் ட்ரெய்ன் ஏறி பேட்டனுக்கு போனவ, க்ளார்க்/டிவிஷன்ல எறங்கி நடப்பாளாம். ஊர் பூரா அவளுக்கு தெரியும், எல்லா மாதிரி ஆளுங்களோடயும் பழகியிருக்கா. ஆனா நெருங்குன ஃப்ரெண்ட்ஸ் ஆளுக்கொரு மூலையில, சனி ஞாயிறுல பாக்கணும்னா ஒரு மணி நேரம் பஸ்ல போகணும். எனக்கு ரெண்டு தெரு தள்ளி அஞ்சு பேர் இருந்தாங்க

காவ்யா: அப்புறம் இன்னொண்ணு, பிரஷர் சபர்ப்ல கம்மின்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. லஞ்ச் டேபிள்ல எங்க பேச்சே யாரு எத்தன ஏபி எடுக்குறாங்கங்குறதுதான். எடிசன்ல இருந்து வர்ற நிலாவுக்கு அது பழகின காத்தாத்தான் இருக்கும், அது நல்லதா இல்ல அதுல இருந்து கொஞ்சம் வெளிய வரணுமாங்குறத நீங்க அவளத்தான் கேக்கணும். யாராவது கேட்டீங்களா?

ப்ரியா: கேட்டேன். ஆர்க்கெஸ்ட்ராவுல வயலின் விடக் கூடாதுங்குறா. வேற எதுவும் சொல்ல மாட்டேங்குறா

காவ்யா: அப்ப அதுதான் சித்தி பதில். எந்த ஸ்கூல்னு வந்தாலும் ஆர்க்கெஸ்ட்ரா ஆடிஷன் எப்ப, வெளி ஊர்ல இருந்து வர்றவ வீடியோ அனுப்பலாமான்னு இப்பவே மியூசிக் டீச்சருக்கு மெயில் போடுங்க. சில இடத்துல ஆடிஷன் ஸ்பிரிங்லயே முடிஞ்சிரும், ஆகஸ்ட்ல வந்து கேட்டா கடைசி வரிசைதான்

ஞாயிறு மாலை

ரமேஷ் அண்ணன்: யோசிச்சு பாத்தேன். ரெண்டுல ஒண்ண இன்னைக்கே வெட்டி விட வேணாம். ஊருக்கு வெளிய இருக்குறவங்களும் சிபிஎஸ்க்கு அப்ளை பண்ணலாம், ஜூலை 1க்குள்ள சிட்டியில குடியிருந்தா போதும். நீங்க ஜூன் கடைசியிலதான் வர்றீங்க, ரொம்ப சரியா இருக்கு. அதனால கோ சிபிஎஸ்ங்குற அட்மிஷன் சைட்ல அக்கவுன்ட் இப்பவே தொறங்க, அப்ளிகேஷன் இலையுதிர் காலத்துலயே மூடிருவாங்க. வெளி ஸ்கூல் புள்ளைங்களுக்கு டெஸ்ட் வீக்கெண்ட்ல வைப்பாங்க, சிகாகோ வந்துதான் எழுதணும், எங்க வீட்ல தங்கிக்கலாம். வெளியூர்ல இருந்து வர்றவங்கள எந்த டியர்ல சேப்பாங்கன்னு ஆபீஸ்ல எழுத்துல கேட்டு வாங்கு. ரிசல்ட் ஸ்பிரிங்ல வரும். லேன் கெடச்சு நிலாவுக்கு புடிச்சா சிட்டியில லீஸ், இல்லேன்னா அக்கா பக்கம் லீஸ்

செல்வி அக்கா: இது எனக்கு சம்மதம். ஆனா ப்ரியா, எது ஆனாலும் மொத வருஷம் வாடகைதான், வீடு வாங்காத. கார்த்திக்கு அந்த ரெண்டு மணி நேரம் ஒத்து வருதான்னும் பாக்கணும்ல

கார்த்திக்: சரிக்கா. வாங்குற பேச்ச தள்ளி வச்சிட்டேன்

செல்வி அக்கா: டெஸ்ட்டுக்கு வர்றப்போ ஒரு நாள் சேத்து வா. ரூட் 59ல இருந்து காலைல ட்ரெய்ன் புடிச்சு ஒரு தடவ போய் பாரு. நிலாவ நான் ஸ்கூல் விடுற நேரத்துக்கு ரெண்டு ஸ்கூல் வாசலுக்கு கூட்டிட்டுப் போறேன், டூர்ல காட்டுறதெல்லாம் பளபளன்னுதான் இருக்கும், மணி அடிச்சதும் புள்ளைங்க எப்படி வெளிய வர்றாங்க, யாரு யாரோட பேசுறாங்கன்னு அவளே பாக்கட்டும்

ரமேஷ் அண்ணன்: லேனுக்கும் அதே மாதிரி. என் பையன் கூட 49 நம்பர் பஸ்ல ஒரு தடவ போய்ட்டு வரட்டும்

ப்ரியா: ஆகஸ்ட்னு காவ்யா சொன்னப்பதான் தோணுச்சு, அங்க ஸ்கூல் எப்ப தொறக்கும்? இங்க செப்டம்பர்தானே

செல்வி அக்கா: இங்க ஆகஸ்ட் நடுவுலயே தொறந்துருவாங்க. ஜூன் கடைசியில வந்தா லீவுன்னு ஒண்ணரை மாசம்தான் கையில. ஊருக்கு டிக்கெட் போடுறதா இருந்தா அதப் பாத்து போடு. ஒம்பதாவதுக்கு சேர புது பிசிக்கல் எக்ஸாம் ஃபார்மும் தடுப்பூசி ரெக்கார்டும் கேப்பாங்க, இல்லினாய்ஸ் ஃபார்ம்லதான் டாக்டர் கையெழுத்து வேணும், எடிசன்ல இருக்குறப்பவே உங்க டாக்டர்கிட்ட வாங்கிரு. ஆல்ஜிப்ரா எட்டாவதுலயே முடிக்கிறான்னா அந்த மார்க்கையும் ஸ்கூல் லெட்டர்ஹெட்ல வாங்கி வை, இல்லேன்னா மறுபடி அதே க்ளாஸ்ல உக்கார வச்சிருவாங்க

மதுரை பெரியப்பா: மதுரைக்கு வருவீர்களா மாட்டீர்களா, அதைச் சொல்லுங்கள் முதலில்

ப்ரியா: டிசம்பர் லீவுல வந்துர்றோம் பெரியப்பா, கோடையில முடியாது போல

ப்ரியா: ரமேஷ் அண்ணா, கோ சிபிஎஸ்ல அக்கவுன்ட் தொறந்துட்டேன். ஏழாவது ரிப்போர்ட் கார்டு எந்த மாதிரி ஏத்தணும், ஃபைனல் மார்க் மட்டுமா இல்ல நாலு குவார்ட்டருமா? ஸ்க்ரீன்ஷாட் உங்களுக்கு தனியா அனுப்புறேன், பாத்து சொல்லுங்க