அம்மாவைக் கனடா அனுப்ப வேணும்: பிஸ்னஸ் கிளாஸ் டிக்கட் தாங்கக்கூடிய விலையில் கிடைக்குமா?

கல்லடித்தம்பி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பு, கல்லடி. தங்கச்சி ரொறன்ரோவில் இருக்கிறாள். மாசி மாதக் கடைசியில் அவளுக்குப் பிள்ளை கிடைக்க இருக்கிறது, தலைப்பிள்ளை. அம்மா பக்கத்தில் இருக்க வேணும் என்று அவளும் கேட்கிறாள், அம்மாவும் இரவு பகலாக அதே நினைப்பில்தான் இருக்கிறா. பெற்றோர் நீண்ட நாள் தங்குகிற சுப்பர் விசா கிடைத்துவிட்டது. தைப்பொங்கல் முடிந்த கையோடு அனுப்பலாம் என்று இருக்கிறோம்.

சிக்கல் அம்மாவின் இடுப்புத்தான். போன வருடம் கிணற்றடியில் வழுக்கி விழுந்து, தொடை எலும்பு முறிந்து தகடு வைத்தது. இப்போது தடி பிடித்து நடப்பா. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கதிரையில் இருந்தால் கால் வீங்கிவிடும். எழும்பும்போது மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நிற்பா, பேச்சு வராது. நீரிழிவும் இருக்கிறது. டொக்டர், “போகலாம், ஆனால் காலை நீட்டிப் படுக்கிற மாதிரி ஏதாவது பாருங்க” என்றார்.

கொழும்பில் ஒரு ஏஜென்சியில் கேட்டேன். எக்கொனமி போக வர 4 இலட்சத்து 60 ஆயிரம், பிஸ்னஸ் கிளாஸ் 16 இலட்சம் என்றார்கள். நான் அரச உத்தியோகத்தன். தங்கச்சியின் கணவரான மச்சானும் நானும் சேர்ந்து 10 இலட்சம் வரை பார்ப்போம், அதற்கு மேல் ஏலாது. பேஸ்புக்கில் ஒருவர் “பொயின்ட்ஸ் டிக்கட்” என்று 6 இலட்சத்துக்கு பிஸ்னஸ் கிளாஸ் தாறேன் என்கிறார். சினேகிதன் ஒருவன் சென்னைக்குப் போய் அங்கிருந்து ஏற்றச் சொல்கிறான். எதை நம்புவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

களுவாஞ்சிக்குடிப்பிள்ளை:

என்ன கிளாசில் போனாலும் வீல்செயார் காசில்லை தம்பி. டிக்கட் போடும்போதே சொல்லிப் பதிய வேணும். என் மாமியை லண்டனுக்கு அனுப்பியபோது கவுண்டரில் இருந்து விமான வாசல் வரை தள்ளிக்கொண்டு போய், மாறுகிற இடத்திலும் ஆள் வந்து நின்றது. எக்கொனமியில் கால் நீட்ட இடமுள்ள அவசர வாசல் சீட்டைக் காசு கட்டி எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் எடுக்க வேண்டாம். தடியோடு நடக்கிறவர்களுக்கு அந்தச் சீட் கொடுக்கமாட்டார்கள், கடைசி நேரத்தில் எழுப்பி மாற்றுவார்கள்.

அக்கரைப்பற்று டிக்கட்காரன்:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் தம்பி. நான் அக்கரைப்பற்றில் டிக்கட் போடுகிற தொழில். உம்றாவுக்குப் போகிற வயசாளிகள்தான் என்னிடம் கூட வருவார்கள். அதனால் உங்கட அம்மாட நிலைமை எனக்குப் புரிகிறது. கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்க.

முதலில் அந்த 6 இலட்சம். அதைத் தொடவே வேண்டாம். பறந்தும் கார்ட்டில் செலவழித்தும் யாரோ ஒருவரின் கணக்கில் சேர்ந்து கிடக்கிற பொயின்ட்ஸைக் காசுக்கு விற்பதுதான் அது. விமான நிறுவனங்கள் அதை அனுமதிப்பதில்லை. கண்டுபிடித்தால் டிக்கட்டை ரத்துச் செய்வார்கள், கணக்கையும் மூடுவார்கள். போகும்போது சரியாகப் போய், திரும்பி வரும் டிக்கட் இல்லாமல் போனால் அம்மா யாரிடம் கேட்பா? விற்றவர் போனை எடுக்கமாட்டார்.

சென்னையும் வேண்டாம். சில காலங்களில் அங்கே விலை குறைவுதான், உண்மை. ஆனால் அது இரண்டு தனித்தனி டிக்கட். சென்னையில் வெளியே வந்து, பெட்டியை எடுத்து, திரும்பக் கொடுக்க வேணும். அதற்கு இந்திய விசா வேணும். முதல் விமானம் சுணங்கினால் இரண்டாவது நிறுவனத்துக்கு ஒரு பொறுப்பும் இல்லை. கட்டுநாயக்கவில் ஏறினால் ரொறன்ரோவில் பெட்டி வர வேணும், ஒரே டிக்கட். தடி பிடித்து நடக்கிற ஆளுக்கு இதில் விட்டுக்கொடுப்பே இல்லை.

இனி விலைக்கு வருவோம். மச்சான் கனடாவில் இருந்து பார்க்கும்போது ரொறன்ரோ–கொழும்பு–ரொறன்ரோ என்று தேடியிருப்பார். அதை விட்டுவிட்டு கொழும்பு–ரொறன்ரோ–கொழும்பு என்று தேடச் சொல்லுங்க. பயணம் எந்த ஊரில் தொடங்குகிறதோ அந்த ஊர்ச் சந்தைக்குத்தான் விலை போடுவார்கள். கொழும்பில் கட்டார், எமிரேட்ஸ், எத்திஹாட், டேர்க்கிஷ் என்று நாலு பக்கமும் இழுபறி. பிஸ்னஸ் கிளாசை நிரப்பக் கம்பனிகள் காசு கட்டுகிற ஊரும் இது இல்லை. அதனால் அதே விமானம், அதே சீட், இங்கிருந்து தொடங்கினால் பெரும்பாலும் குறைவு. காசை மச்சான் கனடாக் கார்ட்டால் கட்டலாம், அதில் பிரச்சினை இல்லை.

அடுத்தது, போக வர இரண்டுக்கும் பிஸ்னஸ் கிளாஸ் கேட்டிருப்பீங்க, அதனால்தான் 16. போகும்போது பிஸ்னஸ், வரும்போது எக்கொனமி என்று ஒரே டிக்கட்டில் சேர்த்துப் போடலாம். எக்கொனமியில் பாதி, பிஸ்னஸில் பாதி என்று கூட்டிக் கிட்டத்தட்ட நடுவில் வந்து நிற்கும், உங்கட 10க்குப் பக்கத்தில். வருகிற நேரம் அம்மாட கால் எப்படி இருக்கிறதோ, அதைப் பார்த்து அப்கிரேட்டுக்கு, அதாவது பிஸ்னஸுக்கு மாற, காசு கட்டலாம். நிறுவனத்தின் தளத்தில் புக்கிங்கைத் திறந்தால் ஒவ்வொரு பறப்புக்கும் தனியாக விலை காட்டும். எல்லா எக்கொனமி டிக்கட்டுக்கும் அது வராது, அதனால் வாங்குமுன் கேட்க வேணும்.

கட்டாரில் போனால் டோகாவில் மாற வேணும். கொழும்பில் இருந்து டோகா ஐந்து மணித்தியாலம். டோகாவில் இருந்து ரொறன்ரோ பதினாலு. படுக்கை தேவைப்படுவது அந்தப் பதினாலுக்குத்தான். “முதல் பகுதி எக்கொனமி, இரண்டாவது பிஸ்னஸ் போட்டால் எவ்வளவு?” என்று ஏஜென்சியிடம் கட்டாயம் கேளுங்க. சில நேரம் நல்லாக் குறையும், சில நேரம் கொழும்பு–ரொறன்ரோ முழுத்தூரத்துக்கும் ஒரே விலையாக இருக்கும். அப்படி என்றால் முழுவதும் பிஸ்னஸிலேயே போகட்டும்.

திகதியும் முக்கியம். ஒரே விமானத்து பிஸ்னஸ் சீட்டுகளுக்கே நாலைந்து விலை இருக்கும், குறைந்த விலைச் சீட் முதலில் முடியும். தை (ஜனவரி) 20க்குப் பிறகு மார்கழி லீவுக்கு வந்த சனம் எல்லாம் திரும்பிப் போயிருக்கும், அந்த நேரம் நல்லது. முன்னுக்கும் பின்னுக்கும் மூன்று நாள் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்க. கூகுள் பிளைட்ஸில் கிளாசை மாற்றிவிட்டுத் திகதிக் கட்டத்தைத் திறந்தால் நீங்களே பார்க்கலாம். எப்ப திரும்பி வர இருக்கிறா? கனடாவில் ஜூன் கடைசியில் பள்ளிக்கூடம் மூடினால் நம்மட ஆட்கள் எல்லாரும் ஊருக்குக் கிளம்புவார்கள், அதற்கு முன் வந்தால் நல்லது.

விலை குறைவாகத் தெரிந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று வாசியுங்க. கட்டாரின் பிஸ்னஸ் லைட், எமிரேட்ஸின் பிஸ்னஸ் ஸ்பெஷல் போன்ற விலைகளில் லவுஞ்ச் (விமான நிலைய ஓய்வறை) சேராது, திகதி மாற்றவும் காசு கூட. சீட்டையும் பாருங்க. எமிரேட்ஸின் ஏ380இல் ஒவ்வொரு பிஸ்னஸ் சீட்டுக்கும் நடைபாதை உண்டு, சீட் முழுவதும் படுக்கையாகும். பழைய போயிங் 777 சிலதில் வரிசைக்கு ஏழு பேர், நடுச்சீட்டும் இருக்கும், படுக்கை சரிவாக நிற்கும். தகடு வைத்த இடுப்புக்குச் சரிவு சரிவராது.

காசு கட்டியதும் 13 இலக்க டிக்கட் நம்பரைக் கேட்டு வாங்குங்க. கட்டார் என்றால் 157, எமிரேட்ஸ் 176, எத்திஹாட் 607, டேர்க்கிஷ் 235 என்று தொடங்கும். ஆறெழுத்து பி.என்.ஆர், அதாவது புக்கிங் இலக்கம், மட்டும் கையில் இருந்தால் இடம் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். டிக்கட் இன்னும் இல்லை.

ஸ்காபறோ மட்டக்களப்பான்:

டிக்கட்கார நானா சொன்னது எல்லாம் சரி. பொயின்ட்ஸில் நேர்மையான வழியும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் மச்சானிடம் ஏரோபிளான் (எயார் கனடாவின் பொயின்ட்ஸ் திட்டம்) கணக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். தன் பொயின்ட்ஸால் மாமிக்கு டிக்கட் போட அவருக்கு முழு உரிமை உண்டு, காசுக்கு விற்கத்தான் கூடாது. எயார் கனடா கொழும்புக்கு வருவதில்லை. ஆனால் எமிரேட்ஸ், எத்திஹாட், டேர்க்கிஷ் மூன்றும் ஏரோபிளானோடு சேர்ந்தவை, மூன்றும் கொழும்புக்கு வருகின்றன. ஏரோபிளானில் எரிபொருள் கட்டணம் என்று தனியாகப் பிடுங்கமாட்டார்கள், வரியும் சின்னக் கட்டணமும்தான். ஒருவழிப் பயணத்துக்கும் போடலாம்.

நானும் மனைவியும் மளிகைச் சாமான் முழுவதையும் அமெக்ஸ் கோபால்ட் கிரெடிட் கார்ட்டில்தான் வாங்குகிறோம். சாப்பாட்டுச் செலவுக்கு ஒரு டொலருக்கு 5 பொயின்ட் வரும், அப்படியே ஏரோபிளானுக்கு மாற்றலாம். எங்கள் பக்கத் தமிழ்க்கடைகளில் அமெக்ஸ் எடுக்காதவையும் உண்டு, கேட்டுவிட்டுக் கூடையை நிரப்புங்கள். அப்படிச் சேர்த்துத்தான் அப்பாவைப் படுத்தபடி இங்கே கொண்டுவந்தோம். இறங்கி வந்தவர் நேரே சமையலறைக்குப் போய்த் தேத்தண்ணி போட்டார். அதற்கு முந்தின தடவை இரண்டு நாள் கட்டிலை விட்டு எழும்பவில்லை. தைக்குள் புதிதாகச் சேர்க்க நேரம் போதாது. மச்சானிடம் ஏற்கனவே கிடந்தால் இன்றைக்கே தேடச் சொல்லுங்கள், பிஸ்னஸ் சீட்டைப் பொயின்ட்ஸுக்குக் கொஞ்சமாகத்தான் விடுவார்கள்.

கல்லடித்தம்பி:

எல்லாருக்கும் பெரிய நன்றி. மச்சானிடம் பேசினேன். ஏரோபிளானில் கொஞ்சம் இருக்கிறது, போதாது. கொழும்பில் தொடங்கித் தேடினார். தை 24, 25இல் போக பிஸ்னஸ், வர எக்கொனமி 9 இலட்சத்து 40 ஆயிரத்துக்குக் காட்டுகிறது, லைட் இல்லை. அம்மா மாமாங்கத் தீர்த்தத்துக்கு வந்துவிட வேணும் என்கிறா, ஆடி அமாவாசைக்கு. அப்படி என்றால் ஜூன் நடுவில் திரும்பினால் சரிதானே நானா? வேறு ஏதாவது கவனிக்க வேணுமா?

அக்கரைப்பற்று டிக்கட்காரன்:

ஜூன் நடு நல்ல யோசனை, தீர்த்தத்துக்கு நிறைய நாள் கிடக்கும். அந்த விலையை விடவேண்டாம், இன்றைக்கே நிறுவனத்தின் தளத்திலேயே எடுக்கச் சொல்லுங்க. பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, தகப்பன் பெயரோடு எழுத்துக்கு எழுத்து சரியாக இருக்க வேணும்.

ஒன்று எல்லாரும் மறக்கிறது. விமானத்தில் படுக்கைக்கு இவ்வளவு காசு கட்டிவிட்டு, மட்டக்களப்பில் இருந்து கட்டுநாயக்க வரை ஏழு மணித்தியாலம் வான் வண்டியில் காலை மடக்கி இருத்திக் கொண்டுபோவார்கள். அம்மா விமானம் ஏறுமுன்னமே கால் வீங்கிவிடும். முதல் நாள் காலையில் வெளிக்கிடுங்க. பின் சீட் முழுவதையும் அம்மாவுக்கு விட்டு, தலையணை வைத்துப் படுக்க வையுங்க. பொலன்னறுவையிலும் தம்புள்ளையிலும் இறக்கிக் கொஞ்சம் நடத்துங்க. இரவு நீர்கொழும்பில் தங்குங்க. ராத்திரியில் ஹபரணைப் பக்கம் யானை றோட்டுக்கு வரும், அந்த ஓட்டமும் வேண்டாம்.

தகடு வைத்ததற்கு டொக்டரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எடுங்க, சோதனை வாசலில் மணி அடிக்கும். இன்சுலின் போடுகிறவ என்றால் அது கைப்பையில் போக வேணும், பெட்டியில் போடக்கூடாது. நீரிழிவுச் சாப்பாட்டை இப்பவே பதியுங்க. வீல்செயார் பதியும்போது “படி ஏற ஏலாது” என்று தெளிவாகச் சொல்லுங்க, அப்படிச் சொன்னால்தான் படி ஏறாமல் உள்ளே கொண்டுபோக ஏற்பாடு செய்வார்கள்.

டிக்கட் வந்ததும் முதல் மூன்று இலக்கத்தை மட்டும் இங்கே போடுங்க, சரியா என்று சொல்கிறேன். பி.என்.ஆரையும் பாஸ்போர்ட் படத்தையும் இங்கே போட வேண்டாம். பி.என்.ஆரும் பெயரும் கிடைத்தால் யாரும் உள்ளே போய்ப் பயணத்தை மாற்றலாம்.