முதல் தலைமுறை வக்கீல், கையில காசு இல்ல. சென்னையா, ஊர் பக்கமா?

செய்யாறு பையன்:
அண்ணன்மாரே அக்காமாரே ஒரு டவுட். அப்பா அம்மா கூலி வேலை, எங்க வீட்ல நான்தான் முதல் டிகிரி. கவர்மென்ட் லா காலேஜ்ல எல்எல்பி முடிச்சாச்சு. வக்கீலா பார் கவுன்சில்ல பேர் பதிவு பண்ண, அதான் என்ரோல் பண்ண, இருபதாயிரம் ஆகும்னு ஆளாளுக்கு பயமுறுத்துறாங்க. சென்னை ஹைகோர்ட் பக்கம் தம்புச் செட்டி தெருவுல ஒரு சீனியர் வக்கீல போய் பாத்தேன், எந்த ஊரு, ஊருல எந்தப் பக்கம்னு நோண்டி நோண்டி கேட்டாரு, சம்பளம்னு வாயெடுத்தா "முதல்ல தொழில கத்துக்கப்பா"ன்னுட்டாரு. ரூம் வாடகைக்கு எங்க போறது? பேசாம ஊர் பக்கம் முன்சீப் கோர்ட்டுக்கே போயிடவா?

சட்டப்புள்ளி:
தம்பி, இருபதாயிரம்லாம் பழைய கதை. 2024 ஜூலைல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு, என்ரோல்மென்ட் பீஸ் 750 ரூவா, எஸ்சி எஸ்டிக்கு 125, அதுக்கு மேல பார் கவுன்சில் வாங்கக் கூடாது. ஸ்டாம்ப் செலவு தனி. என்ரோல் பண்ணினவங்க பாஸ் பண்ண வேண்டிய ஆல் இந்தியா பார் எக்ஸாம தமிழ்லயே எழுதலாம்.

தாலுகா அக்கா:
நான் தாலுகா கோர்ட்லதான் ஆரம்பிச்சேன், என்னைக் கேட்டா ஊர் பக்கம்தான். கீழ்க்கோர்ட்ல மனு, சாட்சி, தீர்ப்பு எல்லாம் தமிழ்லயே நடக்கும், இங்கிலீஷ் வரலன்னு கூனிக் குறுக வேண்டியதில்ல. சீனியர் பக்கத்து கோர்ட்ல மாட்டிக்கிட்டா கேஸ் கூப்பிடும்போது நீதான் எழுந்து பாஸ் ஓவர், அதான் கொஞ்ச நேரம் கழிச்சு கூப்பிடுங்கன்னு கேக்கணும், மொத தடவ கால் உதறும், அப்புறம் குமாஸ்தா அண்ணன்கிட்ட ஒட்டிக்கிட்டா வக்காலத்துல எந்த ஸ்டாம்ப் எங்க ஒட்றதுன்றதுல இருந்து காப்பி அப்ளிகேஷன் வரைக்கும் அவரே சொல்லிக் குடுப்பாரு, காலேஜ்ல இதெல்லாம் யாரு சொன்னா? ஜாமீன் கேஸ், ஜீவனாம்சம், செக் கேஸ்னு சின்னச் சின்னதா கை நனையும். வீட்டுச் சோறு வேற.

ஹைகோர்ட் ஜூனியர்:
அக்கா சொல்றது பாதிதான் சரி. ரிட் (கவர்மென்ட் நடவடிக்கைய எதிர்த்துப் போடுற மனு), அப்பீல்னு கத்துக்கணும்னா ஹைகோர்ட் வந்துதான் ஆகணும், அங்க எல்லாம் இங்கிலீஷ்தான், லேட்டா வந்தா இன்னும் கஷ்டம். ஸ்டைபண்ட், அதான் சீனியர் குடுக்கிற மாசப் பணம், அந்த விஷயம் கேளுங்க, 2024லயே மெட்ராஸ் ஹைகோர்ட் ஜூனியருக்கு சென்னை மதுரை கோயம்புத்தூர்ல மாசம் 20,000, மத்த ஊர்ல 15,000 குறைஞ்சபட்சம் குடுக்கணும்னுச்சு. அந்த ஆர்டர பிரிண்ட் எடுத்துட்டுப் போய் சீனியர்கிட்ட நீட்டிப் பாருங்க, அன்னிக்கே நடையக் கட்டச் சொல்லிடுவாரு 😀

தாலுகா அக்கா:
அதானே. குடுக்கிற சீனியரும் இருக்காங்க, தேடணும். ஊருல எந்தப் பக்கம்னு கேட்ட ஆபீஸுக்கு மறுபடி போகாத தம்பி, அங்க கேஸ் கட்டு தூக்கத்தான் விடுவாங்க, வாதாட விடமாட்டாங்க.

செய்யாறு பையன்:
நன்றி அக்கா. ஜட்ஜ் எக்ஸாமும் எழுதணும்னு ஆசை. எங்க மாவட்டத்து ஜவ்வாது மலை பக்கம் ஸ்ரீபதி 23 வயசுலயே சிவில் ஜட்ஜ் ஆனாங்களே.

சட்டப்புள்ளி:
அவங்க செலக்ட் ஆனப்ப படிச்சு முடிச்ச கையோட எழுதலாம். 2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்கு அப்புறம் அந்த எக்ஸாம் எழுத மூணு வருஷ வக்கீல் பிராக்டிஸ் கட்டாயம். காசு உள்ளவன் சமாளிச்சுப்பான், அடி விழுறது நம்மள மாதிரி ஆளுக்குதான். அந்த மூணு வருஷம் புரொவிஷனல் என்ரோல்மென்ட் (பார் எக்ஸாமுக்கு முன்னாடி குடுக்கிற தற்காலிகப் பதிவு) தேதில இருந்தே கணக்கு, அதனால சென்னையா ஊரான்னு அப்புறம் யோசி, மொதல்ல அப்ளிகேஷன போடு.