நங்கநல்லூர் வீடு (குடும்பக் குழு), ஞாயிறு மாலை

செந்தில் (6:40): அம்மா, சமையல்காரர் விடாமல் கூப்பிடுகிறார். பிரியா வளைகாப்புக்கு எத்தனை இலை? எட்டு மணிக்குள் சொல்ல வேண்டுமாம்.

செந்தில்: அம்மா?

மீனா: நானும் மூன்று தடவை அடித்தேன். எடுக்கவில்லை. அப்பா, அம்மா எங்கே?

அப்பா: வெளியே.

மீனா: வெளியே என்றால்?

அப்பா: வசந்தா டீச்சரோடு சிலை பார்க்க.

பாப்பா அத்தை: கோயிலுக்கா அண்ணா?

அப்பா: பீச்சுக்கு.

பாப்பா அத்தை: பீச்சில் என்ன சிலை

சித்தப்பா: அங்கே சிலைக்கா பஞ்சம்

ராஜு மாமா: இரவில் தயிர் சாப்பிடுபவர்கள் கவனத்திற்கு! இதை உடனே பத்துப் பேருக்கு அனுப்பவும்...

நிவி: மதுரை தாத்தா, இது போன வாரமே வந்தது

அம்மா (7:12): [படம்]

நிவி: ஆச்சி!!!

மீனா: அம்மா அந்தப் பாறையை ஏன் தள்ளுகிறாய்?

அப்பா: வீட்டில் தள்ளுவது போதாதா?

அம்மா: போன் பையில் இருந்தது. கடல் இரைச்சலில் கேட்கவில்லை. வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறி சேப்பாக்கத்தில் இறங்கினோம். வாலாஜா சாலை வழியே நடந்தால் எதிரிலேயே உழைப்பாளர் சிலை. இத்தனை வருடம் பேருந்து ஜன்னலில் இருந்து மட்டும்தான் பார்த்திருக்கிறேன். கிட்டே போய்ப் பாருங்கள். நான்கு பேர், நான்கு விதமாகத் தள்ளுகிறார்கள். ஒருத்தர் முதுகு போல இன்னொருத்தர் முதுகு இல்லை. செய்தவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி, வங்காளத்துக்காரர். குஸ்தி போடுவாராம், புல்லாங்குழலும் வாசிப்பாராம். எழும்பூர் ஓவியக் கல்லூரியின் இரவுக் காவலாளி ஒருவரும் மாணவர் ஒருவரும் அவருக்கு மாதிரியாக நின்றார்களாம். 1959இல் குடியரசு தினத்துக்கு முதல் நாள் இங்கே வைத்தார்கள்.

செந்தில்: சரிம்மா. இலை?

அம்மா: சொல்கிறேன் இரு. 1923இல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினம் கொண்டாடியதும் இந்தக் கடற்கரையில்தான். வசந்தாவுக்கு இது தெரியாது. முப்பது வருடம் வரலாறு நடத்தியவள்!

சித்தப்பா: சிங்காரவேலர் பெயரைச் சொல்ல இந்தக் குழுவில் ஒருத்தராவது இருக்கிறீர்களே அண்ணி

ராஜு மாமா: அரசியல் வேண்டாம் என்று குழு ஆரம்பித்த அன்றே சொன்னேன்

அம்மா: ராய் சௌத்ரி 1929 முதல் 1957 வரை எழும்பூர் ஓவியக் கல்லூரிக்குத் தலைவராக இருந்தார். 1850இல் தொடங்கிய கல்லூரி. ஓவியர் பணிக்கரும் சிற்பி தனபாலும் அங்கே அவரிடம் படித்தவர்கள். நானும் ஒரு காலத்தில் அந்தக் கல்லூரி விண்ணப்பத்தை எழுதி அலமாரியில் வைத்திருந்தேன். அது என்ன ஆனது என்று ராஜு அண்ணனுக்குத் தெரியும்.

ராஜு மாமா: நம் அப்பா கிழித்தார். நானா கிழித்தேன்? அதை இன்னும் விடமாட்டாயா விஜி

அம்மா: எப்போதோ விட்டாயிற்று. சும்மா சொன்னேன்.

மீனா: இது எனக்குத் தெரியவே தெரியாது

அப்பா: எனக்கு வருடத்துக்கு இரண்டு தடவை தெரியும்

பாப்பா அத்தை: மதினி, சுண்டல் சாப்பிட்டீர்களா? மாங்காய் போட்டதா?

அம்மா: வசந்தா சாப்பிட்டாள். எனக்கு மிளகாய் பஜ்ஜி.

மீனா: அம்மா!! டாக்டர் என்ன சொன்னார்?

செந்தில்: எல்லோரும் ஒரு நிமிடம். இலை.

அம்மா: 150. அம்பத்தூர்க்காரர்கள் வந்தால் 175. அம்பத்தூரை நேரில் போய் அழைத்தாயிற்றா?

சித்தப்பா: வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பினேன். நீலக்குறி வந்துவிட்டது

பாப்பா அத்தை: கிரகப்பிரவேசத்துக்கும் இப்படித்தான் அனுப்பினாய். வந்தார்களா?

சித்தப்பா: அப்போது அவர்களுக்கு வேறு வேலை

பாப்பா அத்தை: ஆமாம் ஆமாம்

செந்தில்: இப்போதைக்கு 160 என்று சொல்லிவிடுகிறேன். அப்புறம் பார்க்கலாம்.

அம்மா (7:38): [படம்] கண்ணகி. 1968இல் உலகத் தமிழ் மாநாட்டுக்காகப் பத்துச் சிலைகள் வைத்தார்கள். வள்ளுவர், ஔவை, கம்பர், பாரதி, பாரதிதாசன், வ.உ.சி., போப், கால்டுவெல், வீரமாமுனிவர், இவள். நடந்துகொண்டே வந்தால் ஒவ்வொருவராக வருகிறார்கள். எனக்குக் கம்பர் பிடித்தது. கண்ணகியின் கை கொஞ்சம் விறைப்பு. உழைப்பாளர்களைப் பார்த்துவிட்டு வந்தால் இவள் மேடை நாடகத்தில் நிற்கிற மாதிரி இருக்கிறாள். வசந்தா ஒப்புக்கொள்ளவில்லை. கோபம் விறைப்பாகத்தான் இருக்கும் என்கிறாள்.

சித்தப்பா: 2001இல் ராத்திரியோடு ராத்திரியாக எடுத்தார்களே, அதையும் எழுதுங்கள்

ராஜு மாமா: லாரி இடித்தது

சித்தப்பா: லாரியா? வாஸ்து என்று ஊரே பேசியது. 2006இல் திரும்ப வைத்தது யார் என்பதையும் சொல்லுங்கள்

ராஜு மாமா: குழுவை விட்டுப் போய்விடுவேன்

அப்பா: போன தீபாவளிக்கும் இதையேதான் சொன்னீர்கள் மச்சான்

பாப்பா அத்தை: சிவாஜி சிலை இருக்கிறதா அங்கே? எனக்கு அதோடு ஒரு படம் வேண்டும்

மீனா: அதை 2017லேயே அடையாறு மணிமண்டபத்துக்கு மாற்றிவிட்டார்கள் அத்தை

பாப்பா அத்தை: யாரும் சொல்லவே இல்லை

அம்மா: காந்தி சிலைப் பக்கம் மெட்ரோ வேலை, ஒரே தகரத் தடுப்பு. அதுவும் ராய் சௌத்ரி செய்ததுதான். எட்டிப் பார்த்தோம், அவ்வளவுதான். வசந்தாவுக்குக் கால் வலி. ஆட்டோ பிடிக்கிறோம்.

மீனா: ஆட்டோ எண்ணைப் படம் எடுத்து அனுப்பு

அம்மா: நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தால் 130 வயது. ஆட்டோக்காரர்தான் பயப்பட வேண்டும்.

நிவி: ஆச்சி அடுத்த தடவை என்னையும் கூட்டிப் போங்கள். கண்ணகி நகர் போகலாம்

பாப்பா அத்தை: இன்னொரு கண்ணகி சிலையா?

நிவி: இல்லை அத்தைப் பாட்டி, ஓஎம்ஆர் பக்கம், துரைப்பாக்கம். குடியிருப்பு. கட்டடச் சுவர் முழுக்கப் பெரிய பெரிய ஓவியம். 2020இல் ஆரம்பித்தார்கள்

ராஜு மாமா: அந்தப் பக்கமெல்லாம் எதற்கு

நிவி: கபடி கார்த்திகா ஊர் தாத்தா அது. தங்கம் வாங்கியபோது நீங்கள்தான் இங்கே பத்து வீடியோ போட்டீர்கள்

ராஜு மாமா: அது வேறு

அம்மா: எது வேறு அண்ணா? ஊரின் நடுவில் இருந்தவர்களைக் கொண்டுபோய் அங்கே விட்டார்கள். சுவரில் படம் வரைந்தால் வேலைக்குப் போகிற தூரம் குறையுமா என்று வசந்தா கேட்கிறாள். நியாயம்தான். ஆனாலும் பார்க்க வேண்டும். யார் வீட்டு வாசலில் நின்று படம் எடுத்தாலும் முதலில் அவர்களைக் கேட்டுக்கொண்டுதான் எடுக்க வேண்டும் நிவி.

நிவி: சரி ஆச்சி

செந்தில்: அடுத்த ஞாயிறு வளைகாப்பு. அதற்கடுத்த ஞாயிறு?

மீனா: நான் அப்போது பெங்களூரில். எனக்காகத் தள்ளிப் போடுங்கள்

சித்தப்பா: என் காரில் போகலாம். ஐந்து பேர்தான்

அப்பா: நான் வரவில்லை. அன்றைக்கு மாவு மட்டும் அரைத்து வைத்துவிட்டுப் போகச் சொல்

பாப்பா அத்தை: நான் திருநெல்வேலியிலிருந்து வளைகாப்புக்கு வந்தால் பத்து நாள் இருப்பேன். முன்சீட் எனக்கு. பின்னால் உட்கார்ந்தால் வாந்தி வரும்