காபி, கோலா பழக்கத்தை விட்டவர்கள் வழிகாட்டுங்கள்
நண்பர்களே, வணக்கம். பல ஆண்டுகளாகக் காலையில் காபி, மதியத்திலிருந்து கோலா என்றே என் பொழுது ஓடுகிறது. இதை விட்டே தீர வேண்டும். ஒரேயடியாக நிறுத்தினால் மறுநாளே கண்களுக்குப் பின்னால் வலி தொடங்கிவிடுகிறது. யார் பேசினாலும் எரிச்சல் வருகிறது. இவற்றில் உள்ள காஃபீன் தடுத்துவைத்திருந்த அடினோசின் (சோர்வையும் தூக்கத்தையும் உண்டாக்கும் பொருள்) மூளையில் மீண்டும் வேலை செய்வதால்தான் இப்படி என்றும், பெரும்பாலும் 2 முதல் 9 நாட்களில் தணியும் என்றும் படித்தேன். எனவே படிப்படியாகக் குறைக்கப் போகிறேன்.

காபியைக் குறைத்துவிடலாம், கோலாதான் பெரும்பாடு. 330 மில்லி கேனில் சுமார் 35 கிராம் சர்க்கரை! திறக்கும்போது எழும் அந்தச் 'சுர்' ஓசைக்கே நாக்கு ஊறுகிறது.

விட்டவர்கள் சொல்லுங்கள்: எதை முதலில் குறைத்தீர்கள்? பிற்பகல் சோர்வை எப்படிச் சமாளித்தீர்கள்? இனிப்பில்லாத சோடா அந்த ஏக்கத்தைத் தணிக்குமா, வளர்க்குமா? ஒற்றைத் தலைவலி உள்ளவர்களின் அனுபவம் எனக்கு மிகவும் தேவை.